பந்தி வக்கீல் போட்ட இலை

விருதுநகர் கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்டு நடந்தவர்களிலேயே, ஒரு வழக்கில்கூடத் தீர்ப்பு வாங்காமல் பெரிய ஆளானவர் பந்தி வக்கீல் ஒருவர்தான். அவர் தோற்றதும் இல்லை, ஜெயித்ததும் இல்லை. நீதிபதி பேனாவைத் திறப்பதற்குள் இரண்டு கட்சிக்காரர்களும் ஜோடியாக வந்து, "ராசியாப் போறோம் ஐயா" என்று கும்பிடுவார்கள். நீதிபதியும் பேனாவை மூடிவிட்டு, "இன்னைக்கு எத்தன இலை விழுந்துச்சு வக்கீலே?" என்று கேட்பார்.

இலை விழுந்த இடம் என் கடை. கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் எட்டுப் பேர் உட்காரலாம், நெருக்கி உட்கார்ந்தால் பத்துப் பேர். நான் பட்டாசுக் கம்பெனியில் திரி முறுக்கியவள். வீட்டுக்காரர் காலமான பிறகு, கைக்குழந்தையோடு இந்தச் சாப்பாட்டுக் கடையைப் போட்டேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் சோறு போடுகிற விசயத்தில் எந்தப் பெரிய படிப்புக்காரரும் எனக்குப் பாடம் எடுக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் சண்டை என்றால் பேச்சு நின்று போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். கை நனைக்காமல் இருப்பதுதான் பெரிது. "அவன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அந்த உறவு அறுந்துபோனது. அதே மாதிரி, ஒரே பந்தியில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால், அதற்குப் பிறகு எதிரி என்று சொல்ல வாய் வராது. இதை எல்லோரும் அறிவார்கள். இதைச் சட்டப் புத்தகத்துக்குப் பதிலாக வைத்துக்கொண்டவர் பந்தி வக்கீல் மட்டும்தான்.

முதல் வழக்கு ஒரு பொதுச் சுவர் தகராறு. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஏழு வருசமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். ஒருநாள் மத்தியானம் பசி நேரத்தில் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூட்டி வந்து, கடையில் இடமில்லை என்று பொய் சொல்லி, எதிரெதிரே உட்கார வைத்தார். நான் விவரம் தெரியாமல் இலையைப் போட்டேன். பசி பொல்லாதது. மோர் ஊற்றுகிற வரைக்கும் இரண்டு பேரும் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் எதிரே எதிரி.

"ரெண்டு பேரும் ஒரே பந்தியில கை நனைச்சிட்டீக. இனிமே அங்கன போயி என்னத்தச் சொல்லப் போறீக?" என்றார் வக்கீல்.

ஒருத்தர் விரலைப் பார்த்தார். இன்னொருத்தர் என்னைப் பார்த்தார். "ஏத்தா, நீயும் இதுக்கு உடந்தையா?" என்று கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். சுவர் இன்றைக்கும் நிற்கிறது.

அதிலிருந்து அவர் கேஸ் கட்டோடு வாழை இலைக் கட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போவார். கோட்டில் மஞ்சள் கறை இல்லாத நாள் கிடையாது. அவர் வைத்த சட்டமும் கடுமையானது. கோபக்காரருக்கு முதலில் பூசணிக்காய்க் கூட்டுத்தான் வைக்க வேண்டும், வத்தல் வைக்கக் கூடாது, வைத்தால் கோபம் இன்னும் ஏறும். ரசம் வருவதற்கு முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது. மற்ற வக்கீல்கள் என்னிடம் வந்து, "அந்த ஆளுக்கு இலை போடாதீக ஆத்தா, எங்க பொழப்பக் கெடுக்கான்" என்று முறையிட்டார்கள். முறையிட வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இப்படிப்பட்டவரால் பதினோரு வருசம் தீர்க்க முடியாமல் கிடந்த வழக்கு ஒன்று உண்டு. அது என் வழக்கு.

எனக்கு ஒரே அண்ணன். ஆமத்தூரில் இருக்கிறார், பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். என் மகள் வயசுக்கு வந்து சடங்கு வைத்தபோது, தாய்மாமன் என்ற முறையில் சீரோடு வந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார். எதிர்ப்பக்கமாக மடித்தார்.

நல்ல காரிய வீட்டில் இலையைத் தன் பக்கமாகத்தான் மடிப்போம். இந்த வீட்டு உறவு தொடர வேண்டும் என்று அதற்கு அர்த்தம். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்போம், இது இத்தோடு முடியட்டும் என்று. சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நான் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். என் கண் முன்னால் என் மகளின் சடங்கில் ஒரு கருமாதி இலை.

"எம் புள்ளைக்குக் கருமாதிச் சாப்பாடா சாப்பிட வந்தே?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். அதுவரைக்கும் அண்ணனை நான் 'நீ' என்று சொன்னது கிடையாது.

அண்ணன் இலையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "இனிமே இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்றார். நானும், "யாரு வெத்தலை வச்சுக் கூப்பிட்டா?" என்றேன்.

முடிந்தது. மகள் வளர வளர எனக்குள் ஒரே ஒரு பயம்தான் வளர்ந்தது. கல்யாணத்தன்றைக்குத் தாய்மாமன் மாலை அவள் கழுத்தில் விழுமா? அப்பனும் இல்லாத பிள்ளை. அந்த மாலை இல்லாமல் மணவறையில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் போய்க் கூப்பிட மாட்டேன். குற்றம் செய்தவர் அவர்தானே?

சண்டை நடந்து சில மாதத்தில் பந்தி வக்கீல் தன் வழக்கமான வேலையைக் காட்டினார். ஏதோ கம்பெனிக் கேஸ் என்றும், நான் அன்றைக்குக் கடையில் இல்லை என்றும் சொல்லி அண்ணனைக் கூட்டி வந்து முதுகு தெரிய உட்கார வைத்திருக்கிறார். நான் சாம்பார் வாளியோடு வந்தேன். அண்ணன் திரும்பினார். நான் வாளியை அப்படியே கீழே வைத்தேன். அவர் சோறு விழுந்த இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். சோறு வீணாகக் கூடாது என்று இரண்டு இலைச் சாப்பாட்டையும் வக்கீலே சாப்பிட்டார். அடுத்த இரண்டு நாள் கோர்ட்டுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் வந்து, "அக்கா, என் சர்வீஸ்ல இதுதான் மொத அடி" என்றார்.

"வயித்துலயா?" என்று கேட்டேன்.

இதற்கிடையில் தேர்தல் வந்தது. வக்கீல் இருந்த கட்சியில் இரண்டு கோஷ்டி. யாரை நிறுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கோஷ்டிக்கும் என் கடையில் சோறு போட்டவர் என்கிற ஒரே தகுதியில் பந்தி வக்கீலை எம்.பி. தேர்தலுக்கு நிறுத்திவிட்டார்கள். நோட்டீசில் அவருடைய சொந்தப் பெயரை அச்சடித்திருந்தார்கள். "யாருப்பா இது?" என்று ஊரே கேட்டது. பிறகு பெயருக்குப் பக்கத்தில் 'பந்தி வக்கீல்' என்று சேர்த்து மறுபடியும் அடித்தார்கள்.

பிரச்சாரத்தில் எதிர்க்கட்சிக்காரரைத் திட்டவே மாட்டேன் என்றுவிட்டார். காரியாபட்டியில் இரண்டு வேட்பாளர்களின் வேனும் எதிரெதிரே மாட்டிக்கொண்டன. இரண்டு மைக்கும் அலறுகின்றன. இவர் தன் மைக்கை வாங்கி, "அண்ணாச்சி, காலையிலருந்து கத்துறீக, தொண்டை கட்டிக்கிருச்சு. இறங்குங்க, காப்பி குடிப்போம்" என்றார். அந்த மனுசனும் இறங்கிவிட்டார். இவருடைய கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் காரியாபட்டிக்காரர்கள் அத்தனை பேரும் இவருக்கே குத்தினார்கள் என்று சொல்வார்கள். ஓட்டுப் பெட்டிக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை.

டெல்லிக்குப் போனார். மாதம் ஒரு முறை என்னுடைய ரசப்பொடி பார்சலில் போகும். ஐந்து வருசம் முடியும்போது, கட்சியின் இரண்டு கோஷ்டியையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து ஒன்று சேர்த்தார். அவர்கள் நன்றாகவே சேர்ந்தார்கள். சேர்ந்து எடுத்த முதல் முடிவு, அடுத்த தேர்தலில் இவருக்கு இடமில்லை என்பது.

"பெருமையா இருக்குக்கா" என்று கடையில் உட்கார்ந்து சொன்னார். "முப்பது வருசச் சண்டை. என்னையத் தூக்குறதுலதான் மொத மொதல்ல ஒத்துப் போயிருக்காக."

இப்படி ஒரு ஆளை என்ன செய்வது என்று டெல்லியில் யோசித்திருப்பார்கள் போல. என் வாயில் பேர் நுழையாத ஒரு சின்ன நாட்டுக்கு நம் நாட்டுத் தூதராக அனுப்பிவிட்டார்கள். கறுப்புக் கோட்டு சாம்பல் கோட்டாக மாறியது. போகிற அன்றைக்கும் இலைக்கட்டு எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். அங்கே இறங்கியவுடன் சுங்க அதிகாரிகள், இது விதையா செடியா என்று கேட்டுப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம்.

ஒருநாள் போன் வந்தது. குரலே சரியில்லை.

"அக்கா, இங்க ரெண்டு நாட்டுத் தூதருங்க, ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் முழிக்க மாட்டாக. வீட்டுக்குக் கூப்பிட்டு, தரையில உக்கார வச்சு, கையால சாப்பிட வச்சேன்."

"அப்புறம் என்ன?"

"நல்லாச் சாப்பிட்டாக. மறுநாளே திரும்பச் சண்டை போடுறாக. கை நனைக்கிறதுன்னா என்னன்னே தெரியலக்கா இவங்களுக்கு!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தம்பி, நம்ம ஊரு இலையப் போட்டா அவுகளுக்கு என்ன தெரியும்? என்ன நடந்துச்சு, எதுனால கோவம்னு மொதல்ல கேட்டீகளா?"

வக்கீலாகவும் எம்.பி.யாகவும் இருந்த காலம் முழுக்க அவர் அதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் சண்டை வளரும், சோறு போட்டால் சண்டை அடங்கும் என்பதுதான் அவருடைய கொள்கை. அதற்கப்புறம் அந்த இரண்டு தூதர்களையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டாராம். ஒருத்தர் வீட்டுத் துக்கத்துக்கு இன்னொருத்தர் வரவில்லை, அவ்வளவுதான் விசயமாம். எல்லைத் தகராறும் இல்லை, கப்பல் தகராறும் இல்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருசத்தில் என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தேதி குறித்தாயிற்று. அண்ணன் விசயம் அப்படியே கிடந்தது. போனில் சொல்லும்போது, "எல்லாம் ஆச்சு தம்பி, மாலைதான் இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த வாரம் மனுசர் லீவு போட்டுவிட்டு, இரண்டு விமானம் மாறி, கடை வாசலில் வந்து நிற்கிறார். இந்தத் தடவை கையில் இலைக்கட்டு இல்லை.

நேராக ஆமத்தூர் போய் அண்ணனைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து, கோர்ட்டில் செய்யாத குறுக்கு விசாரணையை என்னிடம் ஆரம்பித்தார்.

"அக்கா, சடங்குக்கு முந்தி உங்க அண்ணன் எங்கன இருந்தாரு?"

"எங்கன இருப்பாரு? கம்பெனியிலதான்."

"கம்பெனி அப்போ தொறந்து இருந்துச்சா?"

அந்த மாதம் கம்பெனிக்குச் சீல் வைத்திருந்தார்கள். ஒரு அறை வெடித்து ஐந்து பேர் போய்விட்டார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. திரி முறுக்கினவளுக்கு அந்தச் சத்தம் எட்டு மைல் தள்ளிக் கேட்டாலும் வயிற்றில் விழும். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சாமியைக் கும்பிட்டேன். பிறகு, நல்ல காரிய வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று நானே எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

"அந்த அஞ்சு பேரும் அவரு கூட்டிட்டு வந்து வேலைக்குச் சேத்தவுக" என்றார் வக்கீல். "அஞ்சு வீட்டுக் கருமாதியிலயும் உக்காந்திருக்காரு. வரிசையா அஞ்சு பந்தி. அஞ்சு இலை. ஆறாவதா உங்க வீட்டு இலை. கை எங்கிட்டுப் போச்சுன்னு அவருக்கே தெரியலக்கா."

நான் கொதிக்கிற உலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சடங்கன்றைக்கு அண்ணன் சவரம்கூடச் செய்யாமல் வந்தார் என்று எனக்கு வருத்தம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தவள், அது ஏன் அப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"அத ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நானும் கேட்டேன். 'செத்தவுகளச் சாக்குச் சொல்லித் தப்பிச்ச மாதிரி ஆயிரும் சார்'னு சொல்லுதாரு."

பதினோரு வருசம். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனாலும் சிக்கல் முழுக்கத் தீரவில்லை. நான் போய்க் கூப்பிட்டால் வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். நான் அவர் வாசலில் போய் நின்று, வராதே என்று அவர் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தை வெளியே சொல்ல எனக்கு மானம் விடவில்லை. "அவரு வந்தா நான் கூப்பிடுவேன்" என்றேன்.

வக்கீல் தலையில் கை வைத்தார். "ரெண்டு நாட்டுக்கு நடுவுல உக்காந்து பேசிட்டேன். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல முடியலக்கா."

கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி இது. என் கடைக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில், காரில் மீட்டர் பார்த்துச் சரிபாதி தூரத்தை அளந்தார். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டீக்கடை இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் அங்கே வர வேண்டும். யாரும் யார் வாசலையும் மிதிக்க வேண்டியதில்லை.

நான் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். டீக்கடை கண்ணுக்குத் தெரிந்ததும், "ஓரமா நிப்பாட்டு தம்பி, அவுக மொதல்ல வரட்டும்" என்றேன். எதிர்ப்பக்கம் தூரத்தில் வேப்ப மரத்தடியில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. அண்ணன்தான். நான் முதலில் வரட்டும் என்று அவரும் நிற்கிறார். அரை மணி நேரம் போயிற்று. சிவகாசி லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போகின்றன. சாம்பல் கோட்டுப் போட்ட இந்திய நாட்டுத் தூதர், நடு ரோட்டுக்கு வந்து, கைக்குட்டையை எடுத்து இரண்டு பக்கமும் ரயில் கார்டு மாதிரி ஆட்டினார். ஒரு லாரிக்காரன் எட்டிப் பார்த்து, "ஏலே, சாகணும்னா வேற வண்டியில போயி விழுலே!" என்று கத்திவிட்டுப் போனான்.

அதைக் கேட்டு நான் இறங்கிவிட்டேன். எங்களால் அந்த மனுசர் லாரியில் அடிபட்டுவிடக் கூடாது. அண்ணனும் அதே நேரம் வண்டியைக் கிளப்பினார்.

பக்கத்தில் வந்து பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. தாம்பாளத்தை நீட்டினேன்.

"அண்ணே, அந்த மாசம் நான் ஒங்க கூட அஞ்சு வீட்டுக்கும் வந்திருக்கணும்" என்றேன்.

அண்ணன் தாம்பாளத்தை வாங்கவில்லை. பத்திரிகையை மட்டும் எடுத்துத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தாய்மாமன்னு எம் பேரு போட்டிருக்கு?"

"ஆமா."

"நேத்துத்தான அடிச்ச?"

"அடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு."

அண்ணன் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். ரோட்டில் உருண்டு விழுந்த பாக்கையும் குனிந்து எடுத்து வைத்துக்கொண்டார்.

எங்களுக்குப் பின்னால் வக்கீல் கத்தினார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியேவா? இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ரெண்டு பிளைட்டு மாறி வந்திருக்க மாட்டேனேக்கா!"

கல்யாணத்தன்றைக்கு அண்ணன் சீர் கொண்டுவந்த அழகைப் பார்த்து எங்கள் தெருவே வாசலில் நின்றது. தெரு முனையிலிருந்து மண்டபம் வரைக்கும் சரவெடி. புகை அடங்குவதற்குள் என் மகள் கழுத்தில் தாய்மாமன் மாலை விழுந்துவிட்டது. நான் அழவில்லை. புகைதான் கண்ணில் பட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். வக்கீல் மட்டும் நம்பின மாதிரி தலையாட்டினார்.

அவர் இப்போது எல்லாப் பதவியும் முடிந்து சூலக்கரையில் வீட்டோடு இருக்கிறார். முட்டு வலி. கோர்ட்டுப் பக்கம் வந்தே நான்கு மாதம் ஆகிறது. சோறு கொடுத்துவிட்டால், "எதுக்குக்கா செரமம்?" என்று சொல்லி அனுப்புகிறார். சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்றால், வேலை இல்லாமல் எப்படி வருவது என்கிறார்.

இன்றைக்குக் காலையில் அண்ணன் கடைக்கு வந்திருந்தார். இட்லியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணே, நாம ரெண்டு பேரும் ஒரு சண்டை போடுவமா?"

"எதுக்கு?"

"வக்கீலுக்குச் சொல்லி விடலாம். கேட்டா வராம இருப்பாரா?"

அண்ணன் இட்லியைப் பிட்டுக்கொண்டே யோசித்தார். "சின்னச் சண்டைன்னா போன்லயே முடிச்சிருவாரு. பெருசாப் போடணும்."

என்ன சண்டை என்பது இன்னும் முடிவாகவில்லை. அண்ணன் சொல்கிற காரணம் எனக்குப் பிடிக்கவில்லை, நான் சொல்கிறது அவருக்குப் பிடிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வத்தக்குழம்புக்குப் புளி ஊறப் போட்டிருக்கிறேன்.